முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் நிக்கோவா, காமகுராவா?

வணக்கம். டோக்கியோவில் மிச்சமிருப்பது ஒரே நாள், அம்மாவுக்கு முழங்கால் வலி, கோயிலும் இயற்கையும் இரண்டுமே வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் காமகுராவுக்குப் போங்கள். நிக்கோ பேரழகுதான், ஆனால் போகவே சுமார் இரண்டு மணி நேரம் ஆகும், தோஷோகு ஆலயத்தில் எங்கு திரும்பினாலும் படி. அங்கே அடக்கமாகியிருக்கும் பழைய ஜப்பானிய ஆட்சியாளர் இயெயாசுவின் சமாதிக்கு மட்டும் 207 கற்படிகள். அம்மாவைக் கீழே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் ஏறிப் பார்ப்பதில் என்ன நிறைவு இருக்கிறது?

டோக்கியோ நிலையத்திலிருந்து யோகோசுகா ரயில் தடத்தில் காமகுராவுக்கு ஒரு மணி நேரம். அங்கே எனோதென் என்ற சின்ன ரயிலுக்கு மாறி ஹாசேயில் இறங்குங்கள். பத்து நிமிடம் மெல்ல நடந்தால் கோதோகுயின் கோயிலின் பெரிய புத்தர். சுமார் 11 மீட்டர் உயர வெண்கலச் சிலை, 13ஆம் நூற்றாண்டில் வார்த்தது. சிலையை மூடியிருந்த மண்டபம் அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டதால் வானமே கூரை. சற்றே முன்சாய்ந்த உடல், பச்சை பூத்த உலோகம், கன்னத்தருகே பொன் பூச்சின் சுவடு. எல்லாவற்றையும் அம்மா நிதானமாகப் பார்க்கலாம். சிலைக்குள் செல்லும் படிக்கட்டு குறுகலானது, அது அவருக்கு வேண்டாம்.

அருகிலுள்ள ஹாசேதேரா கோயிலிலும் படிகள் உண்டு. ஆனால் கீழே இருக்கும் தோட்டத்தையும் குளத்தையும் ஏறாமலே ரசிக்கலாம். பிறகு எனோதெனில் மேற்கு நோக்கிப் போங்கள், இடப்பக்கம் உட்காருங்கள். இனாமுராகசாகி நிலையம் தாண்டியதும் கடல் வந்துவிடும். வார இறுதியில் அந்த ரயிலில் நெரிசல் தாங்காது. வாரநாளில், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.