பேரரசே ஒரு புள்ளி

கேள்வி: பிரபஞ்சத்தில் மனிதன் அற்பம் என்ற ரோமானியத் தத்துவம் மனச்சோர்வைத்தானே தரும்?

பதில்: எனக்கு அது தெம்பைத்தான் தருகிறது. ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ எழுதிய ‘சிப்பியோவின் கனவு’ பகுதியைப் பாருங்கள். பின்னாளில், கி.மு. 146-ல், ரோமின் எதிரி நகரமான கார்த்தேஜை அழித்த அதே தளபதி சிப்பியோதான். கனவில் விண்மீன்களுக்கு நடுவிலிருந்து பார்க்கிறான். பூமியே சின்னது, அதில் ரோமப் பேரரசு வெறும் புள்ளி. மனசு சுருங்கிப்போகிறது. கனவில் வரும், இறந்துபோன தாத்தா விடுவதாக இல்லை: உங்கள் புகழில் எது காகசஸ் மலையைத் தாண்டியது, எது கங்கையை நீந்திக் கடந்தது என்று கேட்கிறார். எவ்வளவு அழகான கேள்வி! (கடல் முழுவதுமே பிரபஞ்சத்தில் ஒரு துளி என்று மார்க்கஸ் அரேலியஸும் எழுதினார், அதுவும் பேரரசராக இருந்துகொண்டு.)

சரி, உங்கள் சந்தேகத்துக்கு வருவோம். நானும் இங்கேயே வந்துவிடட்டுமா என்று சிப்பியோ கேட்கிறான். இறந்துபோன தந்தை பவுலஸ் ஒரேயடியாக மறுக்கிறார்: கீழே உனக்குக் கடமை இருக்கிறது, அதை விட்டு ஓடக்கூடாது. அற்பம்தான் என்றாலும் செய்ய வேலை இருக்கிறது; எனக்குத் தெம்பு தருவது அதுதான்.