மூன்று லட்சம் கிலோமீட்டர் தாங்கும் என்ஜின்: புது காரில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இது: "புது கார் வாங்கப் போகிறேன். 15 ஆண்டாவது வைத்துக்கொள்ள வேண்டும். என்ஜினைப் பிரிக்கும் வேலையே வரக்கூடாது. எந்தக் கம்பெனி வண்டி நல்லது?"

கம்பெனியைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது என்ஜின், அடுத்து அதோடு வரும் கியர்பாக்ஸ். ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் ஒரு என்ஜின் இருபது ஆண்டு உழைக்கும். பக்கத்தில் நிற்கும் இன்னொரு வேரியன்ட், வாரன்டி முடிந்த சில மாதங்களிலேயே வேலை வைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டிதான்.

பெயரை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு ஓர் உதாரணம். உழைப்புக்குப் பெயர்போன டொயோட்டாவே 2024 மே மாதத்தில் 2022, 2023 மாடல் டன்ட்ரா, லெக்ஸஸ் எல்எக்ஸ் வண்டிகளில் சுமார் 1,02,000-ஐத் திரும்ப அழைத்தது. புதிதாக வந்த இரட்டை டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் கருவி) வி6 என்ஜினைத் தயாரிக்கும்போது உள்ளே தங்கிவிட்ட உலோகத் துகள்கள் கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கிய அச்சு) மெயின் பேரிங்கைக் கெடுக்கக்கூடும் என்பதுதான் காரணம். 2015-ல் ஹூண்டாய் சொனாட்டாவின் தீட்டா 2 என்ஜினிலும் இதே வகைச் சிக்கல்: கடைசலில் மிஞ்சிய துகள் ஆயில் பாதையை அடைத்து, பேரிங் போனது. டிசைன் நன்றாக இருந்தாலும், புது என்ஜினின் முதல் சில ஆண்டு உற்பத்தியில் இப்படிப்பட்ட குறைகள் தலைகாட்டும்.

அதனால் சந்தைக்கு வந்து மூன்று நான்கு ஆண்டாவது ஆகாத என்ஜினைத் தொடாதீர்கள். வண்டி புது மாடலாக இருக்கலாம், அதில் தவறில்லை. உள்ளே இருக்கும் என்ஜின் பழகியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒரு குறியீடு உண்டு. ஓனர் கையேட்டின் தொழில்நுட்ப விவரப் பக்கத்தில் கிடைக்கும். அந்தக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள், மாடல் பெயரை வைத்து அல்ல. ஆயில் குடிப்பது, டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் சங்கிலி) தளர்வது போன்ற கோளாறுகள் பெரும்பாலும் 60,000 கிலோமீட்டருக்கு மேல்தான் தெரிய ஆரம்பிக்கும். அந்தத் தூரத்தை முதலில் தொடுவது டாக்ஸிகள். அதே என்ஜின் டாக்ஸியில் ஓடுகிறதென்றால் அந்த டிரைவர்களிடமும், கம்பெனியைச் சாராத மெக்கானிக்குகளிடமும் கேளுங்கள். "இந்த வண்டி நல்லதா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். "இதில் அடிக்கடி மாற்றுகிற பாகம் எது?" என்று கேளுங்கள்.

அடுத்தது, பெட்ரோல் எங்கே பீய்ச்சப்படுகிறது என்பது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை, ஆனால் பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இங்கேதான். பழைய முறையில் இன்ஜெக்டர் இன்டேக் வால்வுக்கு முன்னால், காற்று வரும் பாதையில் இருக்கும். பெட்ரோல் வால்வின் முதுகில் பட்டு உள்ளே போவதால் வால்வு தானாகக் கழுவப்படும். நேரடி இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே போய்விடுகிறது. கிராங்க் கேஸிலிருந்து (என்ஜினின் அடிப்பகுதி) வரும் ஆயில் ஆவி மட்டும் இன்டேக் வழியாக வந்து, சூடான வால்வில் ஒட்டி, கரியாகப் படிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நடுக்கம், மிஸ்ஃபயர், இழுவைக் குறைவு எல்லாம் பின்னால் வரும். பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர் எதுவும் இதற்கு உதவாது, ஏனென்றால் பெட்ரோல் அந்த வால்வைத் தொடுவதே இல்லை. காற்று வரும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வதுதான் உருப்படியான வழி. நேரடி இன்ஜெக்‌ஷனின் பம்ப்பும் 200 பார், அதற்கும் மேலான அழுத்தத்தில் வேலை செய்கிறது. பழைய முறைக்கு 3, 4 பார் போதும். நீண்ட நாள் வைத்திருக்க வாங்கும் வண்டிக்குப் பழைய முறையே மேல். இரண்டு வகை இன்ஜெக்டரும் சேர்ந்திருக்கும் என்ஜின்களும் உண்டு (டொயோட்டாவின் டி-4எஸ் அப்படி). பாகங்கள் கூடுதல், ஆனால் கரிப் பிரச்சினை பெருமளவு குறைந்துவிடும்.

பவரை லிட்டரால் வகுத்துப் பாருங்கள். 1.5 லிட்டர், டர்போ இல்லாமல் 105 குதிரைத்திறன் என்றால் லிட்டருக்கு 70. 1 லிட்டர் டர்போ 120 குதிரைத்திறன் கொடுத்தால் லிட்டருக்கு 120. இரண்டாவது என்ஜினில் பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் கேஸ்கெட் எல்லாமே அதிக அழுத்தத்தையும் சூட்டையும் தாங்க வேண்டும். ஓட்ட அது சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 15 ஆண்டுக் கணக்கில் லிட்டருக்கு 60 முதல் 80 வரை உள்ள, டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் என்ஜினுக்கு நிகர் குறைவு.

டர்போதான் வேண்டும் என்றால் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று வரை சுழலும்; அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டிவிட்டு உடனே ஆஃப் செய்தால் அங்கே தேங்கும் ஆயில் கருகிவிடும், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள். இரண்டாவது, உயர் கியரில், என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழே ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போக்களில் இந்த நிலையில் கலவை ஸ்பார்க்குக்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும், ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் விளிம்பு உடையலாம். மூன்றாவது ஆயில். 2020-ல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்பி தரம் இந்த முன்பற்றலையும் டைமிங் செயின் தேய்மானத்தையும் கருத்தில் கொண்டே வகுக்கப்பட்டது. டப்பாவில் எஸ்பி அல்லது அதற்கும் புதிய தரம் இருக்கிறதா என்று பார்த்து ஊற்றுங்கள்.

டைமிங் அமைப்பு எது என்று கேளுங்கள். செயின், வெளியே உலர்ந்து ஓடும் பெல்ட், ஆயிலில் நனைந்தபடி ஓடும் பெல்ட் என்று மூன்று வகை. உலர் பெல்ட் என்றால் பயப்பட வேண்டாம். கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் அல்லது ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றினால் போதும், கூடவே டென்ஷனரையும் வாட்டர் பம்ப்பையும் மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டு அது அறுந்தால், பெரும்பாலான என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதும். செயின் ஆயுளுக்கும் ஓடும் என்பது பாதி உண்மை. அதன் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. அழுக்கு ஆயிலில் ஓடினால் செயின் தேய்ந்து நீளும். நான் திட்டவட்டமாக வேண்டாம் என்பது நனைந்த பெல்ட்டை மட்டும்தான். ஆயிலில் கலக்கும் பெட்ரோல் ரப்பரை ஊறவைத்து உரித்துவிடும். உரிந்த துகள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும். அழுத்தம் குறைந்து என்ஜின் முழுவதும் பட்டினி கிடக்கும். பெஜோ, சிட்ரோயன் வண்டிகளின் 1.2 லிட்டர் பியூர்டெக் என்ஜினில் இந்தச் சிக்கல் பெரிதானதால் அவற்றின் தாய்க் கம்பெனி ஸ்டெல்லான்டிஸ் 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை பொறுப்பேற்க வேண்டிவந்தது. அதன் ஹைப்ரிட் வடிவத்தில் செயினுக்கே மாறிவிட்டார்கள்.

ஹைப்ரிட் என்றதும் சிக்கலானது என்று ஒதுங்குகிறார்கள். டொயோட்டா வகை முழு ஹைப்ரிட்டில் உண்மை நேர் எதிர். 2009-ல் பிரியஸில் வந்த 1.8 லிட்டர் என்ஜினுக்கு வெளியே ஒரு பெல்ட் கூடக் கிடையாது; வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரஸர் இரண்டும் மின்சாரத்தில் ஓடும். தனி ஸ்டார்டர் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, கியர்பாக்ஸில் கிளட்ச் பிளேட்டும் இல்லை. கெட்டுப்போக வேண்டிய பல பாகங்கள் இல்லவே இல்லை. பதிலுக்கு இரண்டு கவனிப்பு கேட்கும்: பேட்டரி ஃபேனின் வடிகட்டியைத் தூசி தட்டுவது, இஜிஆர் கூலரில் (என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் புகையை ஆறவைக்கும் பாகம்) கரி அடைக்காமல் லட்சம் கிலோமீட்டர் வாக்கில் கழற்றிச் சுத்தம் செய்வது.

டீசல், தினமும் நீண்ட தூரம் ஓடுபவருக்கு மட்டும். வீட்டிலிருந்து 5 கிலோமீட்டர் போய் நிறுத்தும் வண்டியில் புகை வடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரம் கிடைக்காது.

கியர்பாக்ஸ்: மேனுவல் என்றால் கிளட்ச் மட்டுமே தேயும். டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும்) ஆட்டோமேட்டிக் நம்பகமானது, 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால். "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று ஷோரூமில் சொல்வதைக் கேட்காதீர்கள். சிவிடியும் (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) அப்படியே, ஆனால் கம்பெனி குறித்த எண்ணெய் அல்லாமல் வேறு எதுவும் ஊற்றக்கூடாது. உலர் கிளட்ச் கொண்ட டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் மாறிமாறி வேலை செய்யும் ஆட்டோமேட்டிக்), ஊர்ந்து நகரும் போக்குவரத்தில் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓடுவதால் சூடேறித் தேயும். நெரிசலில்தான் தினமும் ஓட்டம் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

புக் செய்யும் முன் ஓனர் கையேட்டை இணையத்திலிருந்து இறக்கிப் படியுங்கள். பெரும்பாலும் இலவசம்தான், யாரும் செய்வதில்லை. அதில் கடினச் சூழலுக்கான சர்வீஸ் அட்டவணை தனியாக இருக்கும்: தூசி, குறுகிய பயணம், நெரிசல், அதிக வெயில். நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது அந்தக் கணக்கில்தான் வரும். என்ஜின் ஆயில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பாருங்கள். அதே அளவு என்ஜினில் 3.5 லிட்டரைவிட 4.5 லிட்டர் பிடிப்பது நல்லது, அழுக்கும் சூடும் அதிக ஆயிலில் பகிர்ந்துகொள்ளப்படும். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) இருக்கிறதா என்றும் பாருங்கள். சென்சார் மட்டும் வைத்த வண்டிகள் வந்துவிட்டன. இன்னொன்று, ஆயில் குறைவதற்கு அனுமதித்த அளவு. 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை குறைவது இயல்பு என்று எழுதிய கையேடுகளும் உண்டு. அப்படி இருந்தால் நாளைக்கு என்ஜின் ஆயில் குடிக்கிறது என்று புகார் கொடுத்தாலும் வாரன்டி கிடைப்பது கடினம்.

டெலிவரி எடுக்கும் நாளில் டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பாருங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரான டயர். நான்கு டயரும் பல மாதம் பழையவை என்றால் வண்டி யார்டில் நின்றிருக்க வாய்ப்பு உண்டு. பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் இரண்டு வினாடி கடகடவென்று செயின் சத்தம் புது வண்டியில் வரவே கூடாது.

முதல் 1,500 கிலோமீட்டரில் ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், சுற்றை ஏற்றி இறக்கி, மிதமான பாரத்தில் ஓட்டுங்கள். அப்போதுதான் ரிங் சிலிண்டரோடு படிந்து உட்காரும். கம்பெனி கேட்காவிட்டாலும் 1,500, 2,000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் ஒருமுறை மாற்றுங்கள், தேய்ந்த உலோகப் பொடி அதோடு வெளியேறும். பிறகு டர்போ இல்லாத வண்டிக்கு 8,000 கிலோமீட்டர், டர்போவுக்கு 5,000 முதல் 7,000, ஓட்டம் குறைவு என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை. ஆயிலின் தடிமனைக் கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் தேர்ந்தெடுங்கள். அது சின்ன விஷயமல்ல: 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8 என்ஜின்களைத் திரும்ப அழைத்தபோது, சோதனையில் தேறிய வண்டிகளுக்கு 0டபிள்யூ-20-ஐ எடுத்துவிட்டுத் தடிமனான 0டபிள்யூ-40 ஊற்றச் சொன்னது.

மாதம் ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் ஆறியதும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு குறைந்தால் எவ்வளவு, எத்தனை கிலோமீட்டரில் என்று குறித்து வையுங்கள். வாரன்டி காலத்திலேயே கேட்பதற்கு அந்தக் குறிப்புதான் ஆதாரம். அளவு கூடியிருந்து பெட்ரோல் வாடை வந்தால், குறுகிய பயணங்களில் எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நல்ல சூடு ஏறும்படி ஓட்டி, அடுத்த ஆயில் மாற்றத்தை முன்கூட்டியே செய்துவிடுங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் உள்ளே வந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு சர்வீஸுக்குப் போகாதீர்கள், இழுவை வண்டியை வரவழையுங்கள்.