எரிமலை வெடித்த தீவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம், ரத்து செய்யலாமா?

கேள்வி: இரண்டு மாதம் கழித்து ஒரு தீவுக்குக் குடும்பத்தோடு போக விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும் தனித்தனியாகப் பதிவு செய்திருக்கிறோம். போன வாரம் அங்கே எரிமலை வெடித்து விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். இப்போதே ரத்து செய்துவிடலாமா? இனிமேல் பயணக் காப்பீடு எடுத்தால் உதவுமா?

பதில்: தயவுசெய்து நீங்களாக முந்திக்கொண்டு ரத்து செய்யாதீர்கள். பலர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான். விமான நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால், கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை பல நாடுகளில் சட்டப்படி உண்டு. 'பணம் திருப்பித் தரப்படாது' என்று போட்ட மலிவு டிக்கெட்டுக்கும் அங்கே அது பொருந்தும். நீங்கள் ரத்து செய்தாலோ அது உங்கள் சொந்த முடிவு. கிடைப்பது வரிப் பணம் மட்டுமாகவும் இருக்கலாம்.

இரண்டு மாதம் நீண்ட காலம். 2017 நவம்பரில் பாலியில் ஆகுங் எரிமலை சாம்பல் கக்கியபோது மூடிய விமான நிலையத்தை மூன்று நாளுக்குள் திறந்துவிட்டார்கள். 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பாவில் சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. அதுவும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சீரானது. அப்போது நடுவழியில் சிக்கியவர்களுக்கு ஐரோப்பியச் சட்டம் கைகொடுத்தது. இயற்கைச் சீற்றத்துக்குத் தனி நஷ்டஈடு கிடையாது. ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் நிறுவனம் தந்தே ஆக வேண்டும், அதற்கு நாள் கணக்கோ தொகை வரம்போ கிடையாது என்று 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது.

பணத்துக்குப் பதில் வவுச்சர் தருகிறோம் என்று மின்னஞ்சல் வரும். 'ஏற்கிறேன்' பொத்தானை உடனே அழுத்திவிடாதீர்கள். 2019இல் சுமார் 146 கோடியாக இருந்த உலகச் சுற்றுலாப் பயணிகள் வருகை 2020இல் 40 கோடி அளவுக்கு விழுந்தபோது நிறுவனங்கள் வவுச்சர்களைத்தான் நீட்டின. நிறுவனம் திவாலானால் அந்த வவுச்சர் வெறும் காகிதம்.

ஓட்டல் கணக்கு வேறு. விமானம் ரத்தானாலும் ஓட்டல் திறந்திருந்தால் அவர்கள் பணம் தர வேண்டியதில்லை. அதனால் தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இந்த நேரத்தில் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், ஏனென்றால் அவர்கள் நிலைமையும் பரிதாபம்தான். 2004 சுனாமியில் மாலத்தீவின் பெரும்பாலான விடுதிகள் தப்பின. ஆனாலும் 2004இல் 6 லட்சத்தைத் தாண்டிய பயணிகள் எண்ணிக்கை அடுத்த ஆண்டு 4 லட்சத்துக்கும் கீழே போனது.

காப்பீடு? இந்த எரிமலைக்கு இனி உதவாது. செய்தி வெளியான பின் எடுத்த பாலிசியில் அது 'ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு' என்று விலக்கிவிடுவார்கள். முன்பே எடுத்த பாலிசி இருந்தால், 'போக வேண்டாம்' என்று உங்கள் அரசு விடுத்த பயண எச்சரிக்கையையும் அதன் தேதியையும் படம் பிடித்து வையுங்கள். பயந்து ரத்து செய்தோம் என்றால் பெரும்பாலான பாலிசிகள் பணம் தராது.

சரி, கடைசிப் பணத் தவணை ஏதாவது பாக்கி இருக்கிறதா? அதன் கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்பு நிலவரம் பார்த்து முடிவெடுங்கள்.