சிக்னலில் சண்டைக்கு இறங்கும் கணவர்

கேள்வி: என் கணவர் வீட்டில் சாதுவானவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் வேறு ஆள். போன வாரம் ஒரு பைக்காரர் கண்ணாடியில் இடித்துவிட்டு நிற்காமல் போனார். அடுத்த சிக்னலில் இவர் இறங்கிப்போய் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். அவருக்கு ஆதரவாக இரண்டு பேர் வந்தார்கள். எப்படியோ அடிதடி ஆகாமல் தப்பினோம். பின்சீட்டில் மகள் அழுதாள். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: முதலில் அவரிடம் ஒரு வழக்கைச் சொல்லுங்கள். 1988 டிசம்பரில் பாட்டியாலாவில், வண்டி நிறுத்தியதில் தகராறு. கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, 65 வயதுக்காரர் ஒருவரைக் கையால் அடித்தார். அவர் இறந்துபோனார். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு விட்டது. 2022 மே மாதம் மறுசீராய்வில் அதே நீதிமன்றம் ஓராண்டு சிறை விதித்தது. கத்தி, கம்பு எதுவும் இல்லை. வெறும் கை.

வாய்ச்சண்டை கைச்சண்டையாவது பெரும்பாலும் ஒருவர் மற்றவரைத் தொடும்போதுதான். சட்டையைப் பிடிப்பது, வண்டிச் சாவியைப் பிடுங்குவது, முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் எடுப்பது எல்லாம் அதில் சேர்த்தி. கூட்டம் கூடிவிட்டால் இன்னும் மோசம். இரண்டு பேருக்கும் பின்வாங்கக் கௌரவம் இடம் கொடுக்காது. 'போலீஸைக் கூப்பிடுவேன்' என்று மிரட்டவும் வேண்டாம். தேவைப்பட்டால் தள்ளிப்போய் 112-ஐக் கூப்பிட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் நீங்கள் நடுவில் புகாதீர்கள். அவர் கையையும் இழுத்துப் பிடிக்காதீர்கள். நம் ஊரில் சண்டை விலக்குபவர்கள் செய்யும் பெரிய தப்பு இது. கை கட்டுண்டவருக்குத்தான் குத்து விழும். 'எனக்குத் தலை சுத்துது, பாப்பா பயப்படுறா, போலாம்' என்று சொல்லுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. பயந்து போகவில்லை, மனைவிக்காகப் போகிறேன் என்று கிளம்ப அவருக்கு ஒரு சாக்கு கிடைக்கும். எதிராளிக்கும் ஒரு சாக்கு கொடுங்கள்: 'சரிண்ணே, பார்த்துப் போங்க' போதும். குடித்திருப்பவரிடம் இதுவும் பலிக்காது, பேச்சே வேண்டாம். கதவைப் பூட்டி, கண்ணாடியை ஏற்றி, ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள பெட்ரோல் பங்கு பக்கம் வண்டியை விடச் சொல்லுங்கள்.

அவர் இறங்கிவிட்டாரா? இரண்டு கை தூரம் தள்ளி நிற்கட்டும், உள்ளங்கை தெரிய. எதிராளி கை ஓங்கினால் தலையைக் காத்துக்கொண்டு விலகி ஓடுவதுதான் புத்தி. குத்தைவிடக் கீழே விழுந்து மண்டை தரையில் மோதுவது ஆபத்து. தற்காப்புக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் எதிராளி பின்வாங்கிய பிறகு விடும் அடி அதில் சேராது. அடிபட்டால் அரசு மருத்துவமனையில் காயத்தைப் பதிவு செய்து, ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் காரில் வைத்துப் பேசாதீர்கள். அன்று ராத்திரியும் வேண்டாம். இரண்டு நாள் விட்டு, மகள் அழுததைச் சொல்லி ஆரம்பியுங்கள். அதற்குப் பிறகும் அடிக்கடி இறங்குகிறார் என்றால், மனநல மருத்துவரைப் பார்க்கும்வரை வண்டியை நீங்கள் ஓட்டுங்கள்.