60,000 ரூபாய்க்குள் ரெடிமேட் கேமிங் பிசி எங்கே வாங்கலாம்: ஆன்லைனா, ரிச்சி தெருவா, பிராண்டடா?

சென்னையிலோ பக்கத்திலோ இருந்தால், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்குங்கள். வெளியூர் என்றால், பாகங்களைத் தனித்தனியாக விற்கும் ஆன்லைன் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கின்றன. அவர்களிடமே அசெம்பிள் செய்து அனுப்பச் சொல்லலாம். பெரிய ஷாப்பிங் தளங்களில் 25,000 ரூபாய்க்குக் கலர் கலராக லைட் எரியும் 'கேமிங் பிசி' பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

ஏன் என்றால், அந்த விளம்பரத்தைப் பாருங்கள். 'கோர் ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எந்த ஐ7? கீழே இறங்கித் தேடினால் பெரும்பாலும் 2600 அல்லது 3770 என்று வரும். முன்னது 2011-இல் வந்தது, பின்னது 2012-இல். ஏதோ ஓர் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன சிப்புக்குப் புது கேபினட் மாட்டியிருக்கிறார்கள். அந்த 4 ஜிபி கார்டும் பல சமயம் 2014-இல் வந்த ஜிடி 730-ஆக இருக்கும். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் குறைந்தது 8-ஆவது தலைமுறை சிப் வேண்டும், இவை அதற்கு ரொம்ப முந்தியவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. வேலரன்ட் விளையாடுபவர் என்றால் இன்னொரு சிக்கல்: விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இல்லாமல் அது ஓடாது.

பிராண்டட் டெஸ்க்டாப்பைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கே வந்து சரிசெய்து தருவார்கள் என்பது பெரிய நிம்மதிதான். ஆனால் 60,000-க்குள் உருப்படியான கிராபிக்ஸ் கார்டோடு கிடைப்பது அபூர்வம். பல மாடல்களில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) அந்தக் கம்பெனியின் சொந்த அளவில் இருப்பதால், பின்னால் பெரிய கார்டு போட நினைத்தால் இடிக்கும்.

சரி, ரிச்சி தெரு. முதல் நாளே பணத்தோடு போகாதீர்கள். மூன்று நான்கு கடைகளில் கொட்டேஷன் மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். 2025 கடைசியில் ரேம் விலை ஏற ஆரம்பித்ததிலிருந்து கொட்டேஷன் வாரத்துக்கு ஒன்றாக மாறுகிறது. அதனால் எல்லாக் கொட்டேஷனையும் ஒரே நாளில் வாங்கினால்தான் ஒப்பிட முடியும். கடைசி வரியில் இருக்கும் மொத்தத் தொகையை அப்புறம் பார்க்கலாம். முதலில், ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி பெயரும் முழு மாடல் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே 'ஆர்டிஎக்ஸ் 3050' என்று எழுதியிருந்தால் 6 ஜிபியா 8 ஜிபியா என்று கேளுங்கள். இரண்டுக்கும் மெமரி மட்டுமே வித்தியாசம் இல்லை. 2024-இல் வந்த 6 ஜிபி கார்டில் கோர்களும் குறைவு (2560-க்குப் பதில் 2304), வேகமும் குறைவு.

கடைக்காரரின் லட்சணம் தெரிவது எஸ்எம்பிஎஸ் வரியில்தான். 'எஸ்எம்பிஎஸ் 450 வாட்' என்று மொட்டையாக இருந்தால், டப்பாவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே ஆம்பியர் போட்டிருக்கும். 16 என்று இருந்தால் பன்னிரண்டால் பெருக்குங்கள், 192 வாட். மேலே கொட்டை எழுத்தில் 450 இருந்தாலும் சிபியுவுக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான். ஆர்எக்ஸ் 6600 கார்டு மட்டுமே 132 வாட் கேட்கும். 'எல்லாருக்கும் இதான் சார் போடுறோம், ஒண்ணும் ஆகாது' என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம். அப்படிச் சொல்லாமல், பெயர் தெரிந்த கம்பெனியின் 80 பிளஸ் பிரான்ஸ் (மின் திறனுக்கான தரச்சான்று) எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தானாகவே எழுதிக் கொடுப்பவரிடம் ஆயிரம் இரண்டாயிரம் கூட ஆனாலும் வாங்குவேன்.

'பில் இல்லாமல் எடுத்தால் குறைத்துத் தருகிறேன்' என்பார்கள். 18% ஜிஎஸ்டி மிச்சம் என்று ஆசை வரத்தான் செய்யும். வேண்டாம். அசெம்பிள் பிசியில் வாரண்டி பாகத்துக்குப் பாகம் தனி. கார்டு செத்தால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும், அங்கே பில் கேட்பார்கள். சீரியல் எண்களோடு பில்லும் காலி டப்பாக்களும் கட்டாயம் கைக்கு வர வேண்டும். கடையிலேயே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கார்டின் பெயரைச் சரிபாருங்கள். பல போலி என்விடியா கார்டுகளை அது கண்டுபிடித்துக் காட்டிவிடும். அப்படியே அரை மணி நேரம் ஒரு கேமை ஓடவிடுங்கள்.

கூரியரில் வாங்குபவர்கள் பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். பவர் போடுவதற்கு முன் பக்கவாட்டு மூடியைத் திறந்து, கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே அடைத்து அனுப்பிய ஃபோமை எடுக்காமல் ஆன் செய்பவர்களும் உண்டு.

60,000-க்குள் மானிட்டரும் சேர்த்தா என்று நீங்கள் சொல்லவில்லை. சேர்த்துத்தான் என்றால், கார்டை இப்போதைக்கு விட்டுவிட்டு கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி சிப்பைப் போட்டு ஆரம்பிக்கலாம். ஒரே 16 ஜிபி ரேமாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாகக் கேளுங்கள், அதில் உள்ள கிராபிக்ஸுக்கு அது நிறைய வித்தியாசம் தரும். வேலரன்ட், ஜிடிஏ 5 எல்லாம் செட்டிங்கைக் குறைத்து வைத்தால் நன்றாகவே ஓடும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் இப்போதே நல்லதாகப் போட்டுவிடுங்கள், கார்டு பிறகு வாங்கிச் சொருகிக்கொள்ளலாம்.