சோளக் கொல்லையில் சுடுமல்லி: மருந்து, விதை, மண்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாண வடகரையில், டோங்காட் பக்கத்தில், எங்களுக்கு ஏழு ஏக்கர் மணற்பாங்கான மேட்டுநிலம் இருக்கிறது. தாத்தா காலம் முதல் கரும்புதான். சென்ற நவம்பர் கடைசியில் மூன்று ஏக்கரில் கரும்பை எடுத்துவிட்டுச் சோளம் விதைத்தேன். விதை விற்றவர், உலக உணவுப் பரிசு பெற்ற விஞ்ஞானியின் இரகம் என்றும் எந்தக் களையும் அண்டாது என்றும் சொல்லி, எதுவும் அச்சிடாத பையில் கொடுத்தார். இப்போது மழை பெய்த மறுநாள்கூடப் பயிர் வாடி நிற்கிறது. அதன் அடியில் சாண் உயரத்தில் சிவப்புப் பூச்செடிகள் முளைத்திருக்கின்றன. வேலைக்கு வரும் அம்மையார் அதை ‘இசோனா’ என்கிறார். எந்த மருந்து அடிக்க வேண்டும்? அடுத்த ஆண்டு எந்த நிபுணரின் விதையை வாங்கலாம்? இந்தப் பயிரை அறுத்து மாட்டுக்குப் போடலாமா?

பதில்: அந்த அம்மையார் சொன்னது சரி. ஜூலு மொழியில் இசோனா என்றும் ஆப்பிரிக்கான்ஸில் ரோய்புளோம் என்றும் வழங்குவது தமிழில் சுடுமல்லி எனப்படும் ஒட்டுண்ணிக் களையே. தமிழ்நாட்டில் வெள்ளைப் பூவுடன் அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்குள்ள சிவப்புப் பூ வேறு செடி போலத் தோன்றும். நாளைக் காலையில் ஒரு சோளத் தூரை மண்கட்டியோடு மண்வெட்டியால் பெயர்த்து, வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, கையால் இழுக்காமல் மெதுவாக அலசிப் பாருங்கள். வெளுத்த தண்டுகள் சோளத்தின் வேரைக் கவ்விக்கொண்டிருப்பதும், இன்னும் மண்ணுக்கு மேலே வராத முளைகள் பல அங்கே காத்திருப்பதும் தெரியும். மழை பெய்தும் பயிர் வாடுவதற்குக் காரணம் அதுதான். வேர் உறிஞ்சும் தண்ணீர் இலைக்குப் போவதற்குள் பாதி வழியிலேயே பறிபோகிறது.

மருந்து கேட்டீர்கள். 2,4-டி என்னும் களைக்கொல்லி மேலே வந்த செடியைக் கொல்லும். ஆனால் சுடுமல்லி தலை நீட்டுவதற்கு முன்பே மண்ணுக்குள் சில வாரங்கள் பயிரை உறிஞ்சியிருக்கும் என்பதால், இந்த ஆண்டு விளைச்சலை அது திருப்பித் தராது. அந்தத் தெளிப்பு காற்றில் பரவினால் பக்கத்து வீட்டு அவரையும் தக்காளியும் சுருண்டுவிடும். மூன்று ஏக்கருக்கு நான் கைக்களையெடுப்பையே சொல்வேன். பூத்தவற்றை விதை முற்றுவதற்குள் பிடுங்கி, வரப்பில் போடாமல் சாக்கில் கட்டி எரித்துவிடுங்கள். ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். தூசி போன்ற அந்த விதைகள் பத்து ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

விதை விற்றவர் யாருடைய பெயரை விற்றார் என்று ஊகிக்க முடிகிறது. சோள ஆராய்ச்சிக்காக 2009-இல் உலக உணவுப் பரிசு பெற்றவர் எத்தியோப்பியாவில் பிறந்து, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கெபிசா எஜெட்டா. சூடானில் 1983-இல் வெளியான ஹகீன் துரா-1 என்னும் வீரிய ஒட்டுச் சோளமும், பின்னர் வந்த சுடுமல்லியைத் தாங்கும் இரகங்களும் அவர் உழைப்பில் வந்தவை. அவர் செய்ததை முழுமையாகச் சொல்லாமல் பாதியை மட்டும் சொல்லி வியாபாரம் செய்வதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. எத்தியோப்பியாவில் 2002, 2003 ஆண்டுகளில் அவர் உழவர்களிடம் கொண்டுபோனது விதையை மட்டுமன்று. தாங்கும் இரகம், மண்வளம், ஈரம் காத்தல் ஆகிய மூன்றையும் சேர்த்தே கொடுத்தார். பையில் அடைத்து விற்கக்கூடியது ஒன்றுதான் என்பதால் வியாபாரி அந்த ஒன்றை மட்டும் பேசுகிறார்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இத்தனை ஆண்டுகளில் இந்த மண்ணுக்கு என்ன கொடுத்தோம் என்பது. சுடுமல்லி கரும்பையும், மீலி என்று இங்கே வழங்கும் மக்காச்சோளத்தையும் பற்றும். ஆகையால் அதன் விதை உங்கள் நிலத்தில் முன்பே கிடந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை எழுப்பிவிட்டது சோளத்தின் பசி. தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைந்த மண்ணில் சோளத்தின் வேர், தனக்கு உணவு தேடித் தரும் நன்மைப் பூஞ்சைகளை அழைப்பதற்காக ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் பொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த அழைப்பு எட்டிய இடத்தில் உறங்கிக் கிடக்கும் சுடுமல்லி விதை முளைத்துவிடுகிறது. எஜெட்டாவின் இரகங்களில் பல, முளையைத் தூண்டும் இச்சுரப்பு குறைந்தவை என்பதால்தான் தப்பிக்கின்றன. எனினும் பட்டினி கிடக்கும் மண்ணில் எந்த இரகமும் நெடுநாள் தாக்குப்பிடிக்காது என்பது என் உறுதியான கருத்து.

வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்த நாட்களில் ஒரு சரிவு நிலத்தைப் பார்த்தேன். கொல்லை முழுவதும் சிவப்பாகப் பூத்துக் கிடக்க, நடுவே ஒரு வட்டத்தில் மட்டும் சோளம் கரும்பச்சையாக ஆள் உயரம் நின்றது. உரிமையாளரான பெரியவரிடம் விசாரித்தபோது, அந்த இடத்தில் அவருடைய தகப்பனார் காலத்து மாட்டுக் கிரால், அதாவது மாட்டுப் பட்டி, இருந்ததாகச் சொன்னார். விதை ஒன்று, விதைத்த நாள் ஒன்று, மழையும் ஒன்று. அன்று முதல் யார் சுடுமல்லி என்று வந்தாலும் நான் முதலில் கேட்பது எருவைப் பற்றித்தான்.

எனவே வரும் பருவத்தில் இந்த மூன்று ஏக்கரில் சோளமும் வேண்டாம், மீலியும் வேண்டாம். தட்டைப்பயறோ நிலக்கடலையோ சோயாவோ விதையுங்கள். அவற்றின் வேர்ச் சுரப்பும் சுடுமல்லி விதையை முளைக்கவைக்கும். ஆனால் இந்தச் சுடுமல்லியால் அந்த வேரைப் பற்ற முடியாது, முளைத்த முளை மடிந்துபோகும். மண்ணில் தழைச்சத்தும் சேரும். ஒரு பருவத்தோடு நிறுத்தாமல் இரண்டு பருவம் செய்தால் நல்லது. கென்யாவில் இசிப்பே ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜியாவுர் கானும் குழுவினரும் சோளம், மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே டெஸ்மோடியம் என்னும் தீவனப் பயறை வளர்த்துச் சுடுமல்லியை அடக்கிக் காட்டியிருக்கிறார்கள். மாடு வைத்திருக்கும் உங்களுக்குப் பிற்பாடு அதுவும் ஏற்ற வழிதான். நன்றாக மக்கிய கோழி எரு நம் மாகாணத்தில் கிடைக்காத பொருளன்று. அதை வாங்குவதற்கு முன் மாகாண வேளாண் துறையின் சீடரா நிலையத்திலோ, கரும்பு விவசாயிகள் நன்கறிந்த மவுண்ட் எட்ஜ்கோம்ப் ஆராய்ச்சி நிலையத்திலோ மண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

எந்த நிபுணரின் விதை என்ற கேள்விக்கு ஆளின் பெயரைச் சொல்லமாட்டேன். இரகத்தின் பெயரும், தொகுப்பு எண்ணும், முளைப்புத்திறனும் அச்சிட்ட மூடிய பையாக இருக்க வேண்டும். எதுவும் அச்சிடாத பையில் அளந்து கொடுப்பவர் பரிசு பெற்றவரின் பெயரைச் சொன்னாலும் அது விதையன்று, வெறும் தானியம். வீரிய ஒட்டு விளைச்சலிலிருந்து எடுத்த தானியத்தை விதைத்தால் குட்டையும் நெட்டையுமாகக் கலந்து முளைக்கும். உங்கள் கொல்லையில் கதிர்கள் ஒரே சீராக வராவிட்டால், உங்களுக்கு விற்கப்பட்டதும் அதுவாகவே இருக்கலாம். இரகம் பற்றிப் பொச்சஃப்ஸ்ட்ரூமில் உள்ள அரசு தானியப் பயிர் ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதிக் கேளுங்கள். இந்த நாட்டில் சுடுமல்லி ஆராய்ச்சி நேற்றுத் தொடங்கியதன்று, ஏ. ஆர். சாண்டர்ஸ் இக்களையைப் பற்றி விரிவான ஆய்வை 1933-இலேயே வெளியிட்டார்.

மாட்டுத் தீவனம் பற்றி: வாடிக் குன்றிய சோளத்தில் சயனைடு நஞ்சு கூடும், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பிலும் அப்படியே. இடுப்பளவு உயராத பயிரைப் பச்சையாகப் போடாதீர்கள். மாட்டைக் கொல்லைக்குள் அவிழ்த்தும் விடாதீர்கள். கதிர் விட்டு உயர்ந்ததை அறுத்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, மற்றத் தீவனத்தோடு கலந்து கொடுக்கலாம். அறுப்பதற்கு முன் சுடுமல்லியை ஒன்றுவிடாமல் பிடுங்கியிருக்க வேண்டும். அதன் விதை மாட்டின் வயிற்றில் சாகாது. சாணத்தோடு மீதி நாலு ஏக்கர் கரும்புக்கும் போய்ச் சேரும். களைக்கொத்தையும் செருப்பையும் கொல்லை ஓரத்திலேயே கழுவிவிட்டு வெளியே வாருங்கள். மண் பரிசோதனை முடிவு வந்ததும் அதன் படியோடு எழுதுங்கள். எருவின் அளவை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.