ஜீப்பைத் தூக்கியாயிற்று: முதலில் கிரவுன் பினியனா, புரொபெல்லர் ஷாஃப்டா?

கேள்வி: அண்ணே, வணக்கம். வாடிப்பட்டியிலிருந்து எழுதுகிறேன். சிறுமலையில் எங்களுக்குக் கொஞ்சம் வாழையும் மிளகும் உண்டு. போய்வர ஒரு பழைய மஹிந்திரா டீசல் ஜீப், நான்கு கியர். அடியில் கல் தட்டுகிறது என்று கமான் பட்டையை அச்சு ஹவுசிங்குக்கு மேலே மாற்றி வண்டியை 5 அங்குலம் தூக்கினோம். 29 அங்குல டயர் இருந்த இடத்தில் 33 அங்குல டயர் போட்டிருக்கிறோம். அதிலிருந்து கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியர் இழுக்க மாட்டேன் என்கிறது. நாலுவழிச் சாலையில் மீட்டர் 60 காட்டும்போது சீட்டுக்கு அடியில் தரை அதிர்கிறது. கிரவுன் பினியன் (அச்சு ஹவுசிங்குக்குள் இருக்கும் பல் ஜோடி) இப்போது 11 பல்லுக்கு 47 பல். அதை 8க்கு 43 ஆக மாற்றி, புரொபெல்லர் ஷாஃப்டையும் (பெட்டியிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் குழாய்) நீளமாகச் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். எதை முதலில் செய்யட்டும்?

பதில்: தம்பி, நீங்கள் சொல்லியிருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. வண்டி இழுக்காதது டயரால் வந்தது. தரை அதிர்வது தூக்கியதால் வந்தது. கிரவுன் பினியனை மாற்றினால் முதல் கோளாறு தீரும், இரண்டாவது இன்னும் மோசமாகும். அதனால் முதலில் ஷாஃப்ட். கிரவுன் பினியன் அப்புறம்தான்.

ஏன் மோசமாகும் என்று கேட்பீர்கள். 33 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.6 மீட்டர் உருளும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 510 சுற்று வரும். உங்கள் 11க்கு 47 என்பது 4.27 ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 4.27 சுற்ற வேண்டும். ஆக அந்த வேகத்தில் புரொபெல்லர் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,200 சுற்று சுற்றுகிறது. 8க்கு 43 என்றால் 5.38. அதே 80இல் ஷாஃப்ட் 2,750 சுற்றும். இப்போது மீட்டர் 60 காட்டும்போது, அதாவது உண்மையான 68இல் தொடங்கும் அதிர்வு, அதற்கப்புறம் உண்மையான 54இலேயே தொடங்கிவிடும். அந்த ஆட்டம் முழுவதையும் தாங்குவது புதிதாகப் போட்ட பினியன் பேரிங். முதலில் ஆயில் சீல் கசியும், பிறகு பேரிங் லூஸாகும், கடைசியில் காசு கொடுத்து வாங்கிய புதுப் பல்லே தேயும்.

இன்னொரு விஷயம், உங்கள் மீட்டர் இப்போது குறைத்துக் காட்டுகிறது. டயர் 14 சதவீதம் பெரிதானதால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 68இல் போகிறது. திண்டுக்கல் சாலையில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிரம் பிரேக்குக்கும் ஏறக்குறைய 12 சதவீதம் பிடிமானம் குறைந்திருக்கிறது.

சரி, ஷாஃப்டுக்கு வருவோம். ஒற்றை யுஜே கிராஸ் (ஷாஃப்ட் முனையில் இருக்கும் சிலுவை மூட்டு) வளைந்து சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். கோணம் 5 டிகிரிக்குள் இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் அரை சதவீதம்கூட வராது. 20 டிகிரி ஆனால் மேலே 6, கீழே 6 சதவீதம். கட்டை ஜீப்பின் பின் ஷாஃப்ட் குட்டையானது. நடுவில் இரண்டடி என்று வைத்துக்கொண்டால், 5 அங்குலம் தூக்கியதில் மட்டும் 12 டிகிரி ஏறியிருக்கும். ஏற்கெனவே இருந்த ஏழெட்டு டிகிரியோடு சேர்ந்து 20ஐத் தொட்டுவிடும். இதே 5 அங்குலத்தை 40 அங்குல ஷாஃப்ட் உள்ள நீள வண்டியில் தூக்கினால் 7 டிகிரிதான் ஏறும். நண்பரின் நீள வண்டியில் ஒன்றும் ஆகவில்லையே என்று யாராவது சொன்னால், காரணம் இதுதான்.

டிரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து (முன், பின் அச்சுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுப்பது) வெளிவரும் ஷாஃப்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்து, ஷாஃப்டின் இரண்டு யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே நேரில் இருந்தால், முன் கிராஸ் செய்யும் கோணலைப் பின் கிராஸ் சரிசெய்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது பினியனுக்குத்தான் நிம்மதி. நடுவில் இருக்கும் குழாய் கூடிக் குறைந்துதான் சுற்றிக்கொண்டிருக்கும். 20 டிகிரியில் அந்தக் கனமான குழாய் நொடிக்கு அறுபது முறைக்கு மேல் உதறுவதைத்தான் நீங்கள் சீட்டுக்கு அடியில் உணர்கிறீர்கள்.

காசு செலவழிப்பதற்கு முன்னால் ஒரு காலை நேரத்தை அளப்பதற்கு ஒதுக்குங்கள். சமதரையில் வண்டியை அதன் சொந்தக் கனத்தில் நிறுத்துங்கள், ஜாக்கி வேண்டாம். அடியில் படுத்து, பெட்டியின் யோக் முகத்தில் செல்போனை வைத்துக் கோணம் பாருங்கள். கோணம் காட்டும் செயலி எல்லாப் போனிலும் கிடைக்கிறது. அடுத்து ஷாஃப்ட் குழாயின் மேல், அடுத்து பினியன் யோக்கில். மூன்று எண்ணையும் சாக்பீஸால் சேஸிஸிலேயே எழுதிவிடுங்கள். கமான் பட்டையை மேலே மாற்றும்போது ஹவுசிங்கில் புதுச் சீட்டு வெல்டு செய்திருப்பார்கள். அதைக் கண்ணளவில் வைத்திருந்தால், பெட்டிக்கும் பினியனுக்கும் நான்கைந்து டிகிரி வித்தியாசம் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அப்படி வந்தால், பாதி அதிர்வு அங்கேதான் இருக்கிறது.

உங்கள் ஜீப்புக்கு நான் சொல்வது, பின்னால் டபுள் கார்டன் ஷாஃப்ட். பெட்டிப் பக்கம் இரண்டு கிராஸ் அடுத்தடுத்து இருக்கும், 20 டிகிரியை ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொள்ளும். பினியன் பக்கம் ஒற்றைக் கிராஸ். ஆனால் இதைப் போட்டால் பினியன் பெட்டிக்கு இணையாக இருக்கக் கூடாது. மூக்கைத் தூக்கி ஷாஃப்டை நேரே பார்க்க வேண்டும், 1 அல்லது 2 டிகிரி தாழ்வாக. வண்டி இழுக்கும்போது பட்டை முறுக்கிப் பினியன் மூக்கு மேலே எழும், அந்த இடைவெளி அதற்குத்தான். பலர் டபுள் கார்டனை வாங்கி மாட்டிவிட்டு பினியனைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கடைசிக் கிராஸில் மொத்தக் கோணமும் அப்படியே நிற்கும், அதைச் சரிசெய்ய எதிர்ப்பக்கத்தில் ஒன்றும் இருக்காது. முன்னைவிட மோசமாக ஆடும்.

பினியன் மூக்கைத் தூக்கியபின் டிஃபரன்ஷியல் ஆயில் முன் பேரிங்குக்குச் சரியாக எட்டாது. வழக்கமான அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுங்கள்.

பட்டையை மேலே மாற்றிய வண்டியில் இந்த முறுக்கல் கூடுதலாகவே இருக்கும். லோ ரேஞ்சில் மிதிக்கும்போது யாரையாவது பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பட்டை பாம்பு போல வளைகிறது என்றால், ஹவுசிங்கிலிருந்து சேஸிஸுக்கு ஒரு டார்க் ராடு கட்டாமல் எந்த ஷாஃப்டும் நிலைக்காது.

நீளத்தைப் பற்றி மெக்கானிக் சொன்னது சரி. ஆனால் எவ்வளவு நீளம் என்பதை வண்டி நிற்கும்போது மட்டும் அளந்து முடிவுசெய்யாதீர்கள். சேஸிஸில் ஸ்டாண்டு கொடுத்து இரண்டு சக்கரமும் தொங்கும்போது ஓர் அளவு, பட்டை முழுக்க அமுங்கும்போது ஓர் அளவு. தொங்கும்போது ஸ்ப்லைன் (ஷாஃப்ட் நீண்டு சுருங்கச் சறுக்கும் பல் இணைப்பு) 2 அங்குலத்துக்குக் குறையாமல் உள்ளே இருக்க வேண்டும், அமுங்கும்போது அடியில் போய் முட்டவும் கூடாது. முட்டினால் அந்த அடி பெட்டியின் பேரிங்கில்தான் விழும். செய்து முடித்ததும் சுழற்றிப் பேலன்ஸ் பார்க்கும் இயந்திரம் உள்ள பட்டறையில் கொடுங்கள். லேத்தில் வைத்து நேராக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. வாங்கும்போது குழாயின் இரண்டு முனையையும் விரலால் தடவிப் பாருங்கள், சின்னத் தகட்டு எடை ஒட்டியிருக்கும். ஒன்றுமே இல்லை என்றால் பேலன்ஸ் பார்த்த ரீடிங்கைக் கேளுங்கள். பிரித்து மாட்டும்போது யோக் இரண்டும் பழைய நேரிலேயே வர, ஸ்ப்லைனில் உளியால் ஒரு குறி போட்டு வையுங்கள்.

முன் ஷாஃப்டுக்கு இதே வைத்தியம் பார்க்க வேண்டாம். முன் ஹவுசிங்கைச் சுழற்றிப் பினியனைத் தூக்கினால் கேஸ்டர் (ஸ்டீயரிங்கை நேராக வைத்திருக்கும் சாய்வு) குறையும், நாலுவழிச் சாலையில் ஸ்டீயரிங் அலையும். முன் ஷாஃப்ட் மண்பாதையில் மெதுவாகச் சுற்றுவதுதான். கோணம் கொஞ்சம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளலாம். லாக்கிங் ஹப் (முன் சக்கரத்தை அச்சிலிருந்து பிரிக்கும் பூட்டு) இருந்தால் தார்ச்சாலையில் அதைத் திறந்துவிடுங்கள், ஷாஃப்ட் சுற்றவே சுற்றாது. சக்கரம் தொங்கும்போது யோக்கின் காது கிராஸில் இடிக்கிறதா என்பதை மட்டும் கையால் சுற்றிப் பாருங்கள்.

இப்போது பல்லுக்கு வருகிறேன். 29 அங்குலத்தில் 4.27 இருந்த வண்டிக்கு 33 போட்டதும், பழைய டயரில் 3.75 இருந்ததுபோல ஆகிவிட்டது. பழைய இழுவையைத் திருப்பிக் கொண்டுவர 4.27ஐ 33ஆல் பெருக்கி 29ஆல் வகுங்கள், 4.86 வரும். கையில் கிடைக்கும் செட்டில் இதற்கு மிக அருகில் இருப்பது 8க்கு 39, அதாவது 4.88. 80 கிலோமீட்டரில் எஞ்சின் 2,500 சுற்றில் இருக்கும், டயர் மாற்றுவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே. மீட்டரும் தானாகவே சரியாகிவிடும். மெக்கானிக் சொல்லும் 5.38, தோட்டத்தைவிட்டு வெளியே வராத வண்டிக்கு நல்லது. நீங்கள் நாலுவழிச் சாலையில் திண்டுக்கல் வரை ஓட்டி, அங்கிருந்து 18 கொண்டை ஊசி ஏறுகிறவர். பழைய டீசல் எஞ்சினை 2,750இல் வைத்துத் தினமும் ஓட்டுவது எஞ்சினுக்கும் உங்கள் காதுக்கும் வேதனை. மண்பாதையில் கூடுதல் இழுவை வேண்டுமென்றால் லோ ரேஞ்ச் லீவர் இருக்கிறது.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். கட்டை ஜீப்புக்கு 31 அங்குலமே போதுமானது. அதற்கு 9க்கு 41, அதாவது 4.56 போதும். பினியனில் ஒரு பல் கூடுதலாக இருக்கும். பல் எண்ணிக்கை குறையக் குறைய பினியன் சிறுத்துக்கொண்டே போகும் என்பதை மறக்கக் கூடாது. 11 பல் பினியனையும் 8 பல் பினியனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்காது. டயரை இன்னும் மாற்ற முடியும் என்றால் யோசியுங்கள்.

எதை வாங்குவதானாலும் முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்து வாங்குங்கள். இதில் சமரசமே கிடையாது. அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் வண்டி கொண்டுவந்தார். ஒரு பட்டறையில் பின்பக்கம் மட்டும் பல் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். ஃபோர் வீல் போட்டு மேடேறியிருக்கிறார், பிறகு லீவர் திரும்பி வரவே இல்லை. முன் சக்கரம் ஒரு கணக்கில் ஓட, பின் சக்கரம் இன்னொரு கணக்கில் ஓட, நடுவில் பெட்டி முறுக்கேறி நின்றது. ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியதும் அது தானாகவே கால் சுற்று சுழன்று 'டக்' என்று விட்டது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கியரில் பல்லின் ஓரம் உதிர்ந்திருந்தது.

பழைய ஜீப் பல கை மாறி வந்திருக்கும். அதனால் இரண்டு ஹவுசிங்கிலும் உண்மையில் என்ன இருக்கிறது என்று நீங்களே எண்ணிவிடுங்கள். கியரை நியூட்ரலில் போடுங்கள், உருளாமல் மற்ற மூன்று சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. நாலேகால் என்றால் 4.27, ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு என்றால் 4.88. முன்பக்கமும் இதேபோல, ஹப்பை லாக் செய்துவிட்டு.

கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடியாகவே வருகிறவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். கிரவுன் ஒரு கடையில், பினியன் ஒரு கடையில் என்று சேர்க்கவே கூடாது. மாட்டும்போது பேரிங் எல்லாம் புதிது. ஷிம் (மெல்லிய தகடு) வைத்துப் பினியன் ஆழம் பார்த்து, டயல் கேஜில் பேக்லாஷ் (பல்லுக்குப் பல் இருக்கும் சிறு ஆட்டம்) 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். பல்லில் மார்க்கிங் புளூ தடவிச் சுற்றச் சொல்லி, நீங்களும் குனிந்து பாருங்கள். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனியில் ஒட்டிக்கொண்டோ அடியில் ஒட்டிக்கொண்டோ இருந்தால் திரும்பப் பிரிக்கத்தான் வேண்டும். 'ஓட ஓடச் சரியாகிவிடும்' என்று சொன்னால் நம்பாதீர்கள், ஓட ஓட அது ஊளையிடும். ஆயில் ஜிஎல்-5 தரம். முதல் நாள் 25 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, ஹவுசிங் ஆறும்வரை நிறுத்துங்கள். 800 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள். வடியும் ஆயிலில் மினுமினுக்கும் பொடி இருந்தால் பயப்பட வேண்டாம், துண்டு இருந்தால் திறக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அளவிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. நீங்கள் தூக்கிய உயரமும் டயரும் இதில் வரும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் பிரச்சினை வரலாம். ஷாஃப்டுக்கோ கிரவுன் பினியனுக்கோ பணம் கொடுக்கும் முன்னால் ஆர்டிஓ அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். உயரத்தைக் குறைக்கச் சொன்னால், ஷாஃப்ட் கோணமும் குறைந்து டபுள் கார்டன் செலவே உங்களுக்கு வராமல் போகலாம்.

அளந்த மூன்று கோணத்தையும், எண்ணிய சுற்றையும், சக்கரம் தொங்கும்போது எடுத்த நீளத்தையும் எழுதி அனுப்புங்கள். பட்டறையில் என்ன அளவு சொல்ல வேண்டும் என்பதை நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். அதுவரை மீட்டரில் 50ஐத் தாண்டாமல் ஓட்டுங்கள். வண்டியில் ஒரு ஜோடி யுஜே கிராஸும் சர்க்ளிப்பும் வைத்திருங்கள். 20 டிகிரியில் ஓடும் கிராஸ் எந்த வளைவில் விடும் என்று சொல்ல முடியாது.